நீங்க பிடிங்க, மாப்ள

ஆகஸ்ட் 14, 2023, திங்கள்

வீட்டு வாசலில் படகு நிற்கிறது. மூன்று மாதமாக நிற்கிறது. என் காரைத் தெருவில் விட்டுவிட்டு, மளிகைப் பையோடு படகைச் சுற்றி வந்து, அது உட்கார்ந்திருக்கிற வண்டியின் கம்பியில் முழங்காலை இடித்துக்கொண்டுதான் தினமும் உள்ளே வருகிறேன். என் வீட்டுக்காரர் செண்பகராஜிடம் சொன்னால், "பாத்து வரக்கூடாதா?" என்கிறார். பதினேழு அடி நீளப் படகை ஒருத்தி பார்க்காமல் வரமுடியுமா?

இவர் தென்காசிக்காரர். கல்யாணத்துக்கு முன்பு அவர் பார்த்த கடல், திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது பார்த்ததுதான். கனடாவுக்கு வந்து, வான்கூவருக்குப் பக்கத்தில் இந்த சர்ரேயில் மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கூட இருப்பவர்கள் பேச்சைக் கேட்டு சால்மன் மீன் பிடிக்கிற பைத்தியம் வந்துவிட்டது. இதுவரை நாலு தடவை போயிருக்கிறார். ஒரு தடவை ஒன்று கிடைத்தது. அதன் படம் இவர் போனிலும் என் போனிலும் என் அம்மா போனிலும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தம்பி பரமசிவன் வருகிறான். கம்பெனி வேலையாகப் பத்து நாள் வான்கூவரில் இருப்பான். நாலு வருஷத்துக்கு மேலாயிற்று அவனை நேரில் பார்த்து. மகள் தாமிராவுக்கு மூன்று வயது முடிந்தும் இன்னும் காது குத்தவில்லை. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் இருக்கும்போது வேறு யார் மடியிலும் என் பிள்ளையை உட்கார்த்த மாட்டேன். 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லி வைத்தாயிற்று. காது குத்துகிற ஆசாரியும் வருவதாகச் சொல்லிவிட்டார். மாமன்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

காரணம் ஊரறிந்தது. 2019 அக்டோபரில் அப்பா இறந்தபோது நான் போகவில்லை. இவர் என்னை அனுப்பவில்லை என்று தம்பிக்குக் கோபம். அன்றிலிருந்து இவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீடியோவில் இவர் முகம் தெரிந்தாலே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவான். அந்தப் பழைய கதைக்குள் நான் இப்போது போகவில்லை. துணி மடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

ஃப்ரீசரில் என் தேங்காய்த் துருவலுக்கு இடமில்லை. என்னென்னவோ பொட்டலமாக வாங்கி அடைத்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

விமான நிலையத்தில் பரமு மெலிந்து தெரிந்தான். மீசை வைத்திருக்கிறான், அப்படியே அப்பா ஜாடை. என்னைப் பார்த்ததும் கண் கலங்கினான், நானும் அழுதுவிட்டேன். தாமிராவை வாங்கிக் கொஞ்சினான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு இவர், "வாங்க மாப்ள" என்று பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"நானே எடுத்துக்கிடுதேன்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னான்.

எங்கள் வீட்டில் தங்கமாட்டானாம். "கம்பெனியில ஓட்டல் போட்டுருக்காவக்கா."

"அக்கா வீடு இருக்கும்போது ஓட்டல்ல தங்குனா ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"ஊர்ல ஏற்கனவே நெறைய சொல்லியாச்சு."

காரில் காதுகுத்துப் பேச்சை எடுத்தேன். "அம்ம சொன்னாவன்னு வந்தேன். மடியில வைக்கதப் பத்திப் பொறவு பாப்போம்" என்றான். இவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, வழியில் வந்த பாலத்தை எந்த வருஷம் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. பாலம் முடியும்வரை விளக்கினார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பரமு மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். அவனுக்கு நெத்திலிக் குழம்பு என்றால் உயிர். நல்ல காலம், ஃப்ரீசரில் இவர் வாங்கி வைத்த பொட்டலத்தில் நெத்திலி இருந்தது. மாங்காய் போட்டு வைத்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, தக்காளி சேர்த்துச் சமாளித்தேன். பரமு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார், என்னைப் பார்த்தார், பிறகு தட்டைக் காலி செய்தார்.

சாப்பிட்டு முடிந்ததும், "சனிக்கிழம கடலுக்குப் போவமா மாப்ள? சால்மன் பிடிக்கலாம்" என்றார். பரமு வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தான். இவர் விடுவதாக இல்லை. சால்மன் எந்த மாதம் ஆற்றுக்குத் திரும்பும், எத்தனை அடி ஆழத்தில் வரும் என்று அரைமணி நேரம். கடைசியில் பரமு தாமிராவைத் தூக்கி, "குட்டி, நீ வாரியா? நீ வந்தா மாமாவும் வாரேன்" என்றான்.

ஆக, பேசிக்கொள்ளாத இரண்டு ஆண்களோடு பதினேழு அடிப் படகில் ஒரு நாள் முழுக்க நானும் உட்கார்ந்திருக்க வேண்டும். யோசித்தாலே தலை வலிக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

குப்பை கட்டும்போது நேற்றைய நெத்திலிப் பொட்டலத்தின் உறை கையில் வந்தது. "தூண்டில் இரை. மனிதர் உண்பதற்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

"ஏன் சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீ ஆசையா வச்ச, அவனும் ஆசையா தின்னான். இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு? எல்லாரும் உசுரோடதான இருக்கோம்."

புதுப் பொட்டலம் வாங்கி வந்துவிட்டார். அதன் மேல் தமிழில் பெரிதாக 'இரை' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். எதையும் வாயைத் திறந்து சொல்லாத மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. ஒழுங்காக ஒரு சண்டைகூடப் போட முடியாது.

ஆகஸ்ட் 23, புதன்

தாமிராவின் வெள்ளிக் கொலுசைத் தேடி பீரோவின் அடித்தட்டை இழுத்தேன். கொலுசு இல்லை. ஒரு பழைய விமான டிக்கெட் அச்சு இருந்தது. வான்கூவரிலிருந்து திருவனந்தபுரம், அக்டோபர் 2019, எங்கள் இரண்டு பேர் பெயரில். இவர் எதையும் தூக்கிப் போடமாட்டார். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கொலுசு குளியலறை அலமாரியில் கிடந்தது.

ஆகஸ்ட் 24, வியாழன்

பரமுவுக்குப் போன் செய்து காதுகுத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "சனிக்கிழம பாப்போம்" என்கிறான். இவரைக் கேட்டாலும் சனிக்கிழமை பார்ப்போம் என்கிறார். கோயிலுக்கு எத்தனை பேர் என்று நான்தான் பதில் சொல்ல வேண்டும், சால்மன் சொல்லாது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. நாளைக்கு மீன் பிடிக்கிறோம். நாளை மறுநாள் கோயில். கோயிலுக்கு முந்தின நாள் வீட்டில் மீன் சமைக்க முடியாது. பிடித்த மீனை என்ன செய்வது, படம் எடுத்து மாட்டுவதா என்று கேட்டேன். இவர் வாயைத் திறந்தபடி நின்றார். யோசிக்கவே இல்லையாம். பரமுவின் பாஸ்போர்ட் விவரத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கி அவன் பெயரில் மீன்பிடி லைசென்ஸ் எடுக்கத் தெரிகிறது, இது தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

கை இன்னும் உப்பாகவே இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் கட்டினேன். இவர் போய்ப் பரமுவை ஓட்டலிலிருந்து அழைத்து வந்தார். காரில் இருவரும் என்ன பேசினீர்கள் என்று தனியாகக் கேட்டேன். "ரேடியோ கேட்டோம்" என்றார்.

படகுத் துறையில் சரிவில் வண்டியைப் பின்னால் விட்டுப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும். இவர் ஐந்து தடவை விட்டார், ஐந்து தடவையும் கோணிக்கொண்டது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் காத்துக்கிடந்தன. பரமு கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். ஆறாவது தடவை அவனுக்கே பொறுக்கவில்லை. "ரைட்ல ஒடிங்க... ரைட்ல! போதும், இப்பம் நேரா விடுங்க" என்று கத்தினான். அதுதான் நாலு வருஷத்தில் இவரிடம் அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு. நான் எதையும் கவனிக்காதவள் போலத் தாமிராவுக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஃப்ரேசர் ஆறு கடலில் விழுகிற இடம். ஒரு பக்கம் ஆற்றின் செம்மண் நிறம், மறுபக்கம் பச்சைக் கடல், நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. அங்கே போய் இவர் என்ஜினை ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி ஆழத்தில் இறக்கி, அதோடு தூண்டில் நரம்பையும் இறக்கி, படகின் இரு பக்கமும் தூண்டில் கழிகளைச் செருகினார்.

"இனி?" என்றேன்.

"இனி இப்படியே போவணும்."

"எம்புட்டு நேரம்?"

"மீன் வார வர."

மூன்று மணி நேரம் போனோம். போன வழியிலேயே திரும்பி வந்து மறுபடியும் போனோம். தாமிரா இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, "மாமா, மீன் வந்துட்டா?" என்று உயிரை வாங்கினாள். இவர் ஈயக்குண்டு, மினுங்குகிற தகடு, நீரோட்டம் என்று பாடம் நடத்தினார். பரமு தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு எலுமிச்சை சாதத்தைத் தின்றான்.

பத்தரை மணி இருக்கும். வளைந்திருந்த இடது பக்கக் கழி துள்ளி நிமிர்ந்து, மறுபடியும் தண்ணீரை நோக்கி வளைந்தது. நரம்பு கிர்ரென்று ஓடியது.

"மாப்ள, பிடிங்க! பிடிங்க!" என்று இவர் கழியை உருவி நீட்டினார்.

"நீங்க பிடிங்க."

"இல்ல மாப்ள, நீங்க விருந்தாளி."

"ஒங்க தூண்டி, நீங்கதான் பிடிக்கணும்."

"ஒங்களுக்காகத்தான வந்துருக்கோம், பிடிங்க!"

இவர் அதை அவன் கையில் வைக்கிறார், அவன் திருப்பி இவர் கையில் வைக்கிறான். பந்தியில் கடைசி வடைக்கு நடக்கிற உபசாரம் நடக்கிறது. இந்த ஊர்ச் சட்டப்படி தூண்டில் கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாதாம். நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் கழன்றுகொள்ளும். பின்னால் இருபது அடியில் ஒருமுறை துள்ளியது. தாமிரா உயரத்துக்கு முக்கால் இருக்கும். அவ்வளவுதான், போய்விட்டது.

"ரெண்டு பேருமா சேந்து வழியனுப்பி வச்சிட்டீயளா?" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் கூடவே அனுப்பியிருப்பேன்.

இவர் அசடு வழியச் சிரித்தார். பரமு சிரிக்கவில்லை. "ஒரு மீனுக்கு இம்புட்டு உபசாரம் பண்ணுதீய. எங்கப்பா முகத்தப் பாக்க எங்கக்காவ அனுப்ப மட்டும் மனசு வரல, என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "தப்புதான் மாப்ள. அன்னைக்கு நான் அனுப்பிருக்கணும். மன்னிச்சிக்கிடுங்க. கோவத்த எம்மேல வச்சிக்கிடுங்க, நாளைக்குப் பிள்ளைக்கு மட்டும் மடி குடுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. பரமு மேல் இல்லை. இவர் மேல்.

"என்னத்துக்கு நீங்க மன்னிப்பு கேக்கீய?" என்று கத்தினேன். பக்கத்துப் படகுக்காரன் திரும்பிப் பார்த்தான். "பரமு, டிக்கெட் போட்டது அவ்வொ. பெட்டி கட்டுனது அவ்வொ. போகலன்னு சொன்னது நான். அவ்வொ விடலன்னு ஒனக்குப் போன்ல சொன்னதும் நாந்தான்."

பரமு இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, "ஏன்?" என்றான்.

"தாமிரா வயித்துல இருந்தா. ஏழு வாரம். அதுக்கு முன்னால ரெண்டு தங்கல. ரெண்டு தடவையும் மூணு மாசம் ஆவும்முன்ன ஊர் பூரா சொல்லியாச்சு. இந்தத் தடவ யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தேன். டாக்டரு பிளைட்டுல போகவே கூடாதுன்னுட்டாவ. நான் என்ன செய்ய?"

"டாக்டரா சொன்னாவ?" என்று பரமு இவரைக் கேட்டான்.

இவர் குனிந்து ஈயக்குண்டை ஏற்றிக்கொண்டிருந்தார். "ஆமா மாப்ள" என்றார். கொஞ்சம் பிந்தித்தான் சொன்னார். என்ஜின் சத்தத்தில் கேள்வி சரியாகக் கேட்டிருக்காது.

"அப்பாவ ரெண்டு நா ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம்க்கா" என்றான் பரமு. "நீ வரப் பாக்கேன், வரப் பாக்கேன்னுல்லா சொன்ன. வாசல்ல கார் சத்தம் கேக்கும்போதெல்லாம் அம்ம எந்திச்சுப் போய்ப் பாத்தாவ."

அந்த நேரம் பார்த்து வலது பக்கக் கழி துள்ளியது. இந்தத் தடவை யாரும் யாரையும் உபசரிக்கவில்லை. பரமு பாய்ந்து பிடித்தான். பிடித்தவன் அழ ஆரம்பித்தான். இரண்டு கையும் கழியில், கண்ணைத் துடைக்க வழியில்லை, மூக்கு ஒழுகி மீசையில் இறங்குகிறது, அப்படியே சுற்றுகிறான்.

"மாமா ஏன் அழுதாவ?" என்றாள் தாமிரா.

"மீன் இழுக்குல்லா, அதான்" என்றார் இவர். பிறகு அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ராடு மேல... மேல! ஓடட்டும், விடுங்க. இப்பம் சுத்துங்க!" என்றார்.

"சுத்துதேன் அத்தான்!"

அத்தான் என்றான். இவர் வலையை எடுக்கப் போனவர் ஒரு கணம் அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

இருபது நிமிஷம். ஏறிவிட்டது. அளந்து, லைசென்ஸில் குறித்து, ஐஸில் போட்டாயிற்று. இப்போது ஃப்ரிட்ஜின் ஒரு தட்டு முழுக்க மீன் கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் ரசம் சாதம் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காது குத்தியாயிற்று. பரமு பட்டு வேட்டியில் வந்தான். தங்கக் கம்மலும் பட்டுப் பாவாடையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான், பெட்டியில் வைத்துக்கொண்டுதான் பத்து நாள் பிடிவாதம். தாமிரா அவன் மடியில் உட்கார்ந்து கோயிலே அதிர அலறினாள், அவன் கையைக் கடித்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பிடித்திருந்தான். முடிந்ததும் எல்லார் முன்னாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், நாலு வருசமா நான்..." என்று ஆரம்பித்தான். "விடுங்க மாப்ள, சாப்பிடப் போவோம்" என்றார் இவர்.

என்னிடம் வந்து, "பாவம்க்கா நீ. டாக்டரே கூடாதுன்னா நீ என்ன செய்வ" என்றான். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு அவனே எல்லாவற்றையும் சொன்னான். அம்மா அழுதாள். அந்த டாக்டர் மகராசியாய் இருக்கட்டும் என்றாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தாராளமாகப் போகலாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், நடுநடுவே எழுந்து நடங்கள் என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவரும்தான் கேட்டார். நான் பயந்தேன். அப்பாவைப் பார்த்தால் அழுவேன், அழுது புரண்டால் இதுவும் தங்காது என்று பயந்தேன். பெற்ற தகப்பன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் அப்போது இவரைச் சொன்னேன். நேற்று டாக்டரைச் சொன்னேன்.

பாத்திரம் கழுவும்போது இவரிடம் கேட்டேன், ஏன் ஆமா என்றீர்கள் என்று.

"நீ சொல்லிட்ட. நான் இல்லன்னு சொன்னா ஒனக்கு எப்படி இருக்கும்?"

இவரை என்னதான் செய்வது? கையில் இருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையில் சால்மனைக் குழம்பு வைத்துப் பரமுவுக்குப் போட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு வச்ச நெத்திலி மாதிரி வராதுக்கா" என்றான். இவருக்குப் புரையேறிவிட்டது.

விமான நிலையத்தில் பெட்டியை இவர் தூக்கினார், பரமு கொடுத்தான். தாமிராவுக்குத் தண்ணீர் வாங்க இவர் போன நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"பரமு, டாக்டரு போகக்கூடாதுன்னு சொல்லல. போலாம்னுதான் சொன்னாவ. நாந்தான் பயந்துகிட்டுப் போகல."

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்பா கோபப்பட்டால் மீசை ஓரம் துடிக்கும், அதே மாதிரி இவனுக்கும் துடிக்கிறது.

"இத ஏன்க்கா இப்பம் சொல்லுத? ஒரு நா நிம்மதியா இருந்தேன். அது பொறுக்கலியா ஒனக்கு?"

"பொறுக்கல" என்றேன்.

இவர் திரும்பி வந்தார். பரமு தாமிராவுக்கு முத்தம் கொடுத்தான். "வாரேன் அத்தான்" என்று இவரைக் கட்டிக்கொண்டான். என் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டான். வரிசை வளைந்து அவன் தலை மறைகிறவரை நின்றேன்.

காரில் இவரிடம் சொன்னேன். "ஏன் சொன்ன? இனி ஒன்கிட்ட பேசமாட்டாம்லா" என்றார். பேசாவிட்டால் போகட்டும் என்றேன். வீடு வரும்வரை அழுதேன். இவர் ஒன்றும் விளக்காமல் வண்டி ஓட்டினார்.

ஆகஸ்ட் 30, புதன்

இவர் போனுக்குச் செய்தி வந்தது. "அத்தான், நல்லபடியா வந்து சேந்துட்டேன். தாமிரா காதுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடச் சொல்லுங்க. அடுத்த வருசம் கண்டிப்பா ஊருக்கு வாங்க." என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், போனில் கோளாறு இல்லை.

"நான் வேணா பேசிப் பாக்கட்டா?" என்று கேட்டார் இவர்.

வேண்டாம் என்றேன். இந்த ஒரு விஷயத்தையாவது என்னிடம் விடுங்கள் என்று கத்தினேன். கத்திவிட்டுத் தாமிராவைப் பிடித்து உட்காரவைத்துக் காதுக்கு மஞ்சள் போட்டேன். பரமுவின் கோபம் இப்போதுதான் சேரவேண்டிய ஆளிடம் வந்து சேர்ந்திருக்கிறது, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.